15 வயதைத் தொடும் ஹீரோ இம்பல்ஸ்: காயலான் கடைக்கா, மண் பாதைக்கா? பழைய ட்ரெயில் பைக்கை மீட்பது எப்படி?

பழைய வண்டி விற்கும் ஆப் எதையாவது திறந்து 'ஹீரோ இம்பல்ஸ்' என்று தேடிப் பாருங்க. பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்கள்தான் வரும். மாடிப்படிக்குக் கீழே புழுதி படிந்து நிற்கும் வண்டி, கீறல் விழுந்த பிளாஸ்டிக், காற்று இறங்கிய டயர். கீழே ஒரு வரி: 'சின்ன வேலை இருக்கு, ஸ்டார்ட் ஆகும்'.

அந்தச் 'சின்ன வேலை'யை நம்பி வாங்கலாமா? வீட்டிலேயே ஒன்று நிற்கிறது என்றால் அதை எழுப்பி ஓட்டலாமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. இம்பல்ஸ் அறிமுகமானது 2011-ல். முதல் செட் வண்டிகளின் ஆர்.சி. 2026 கடைசியில் இருந்து ஒவ்வொன்றாக 15 ஆண்டைத் தொடுகிறது. முடிவை இப்போதே எடுத்தால் செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

முதலில், ட்ரெயில் பைக் என்றால் என்ன?

ரோட்டிலும் ஓடும், ரோடு முடிந்த பிறகும் ஓடும். அவ்ளோதான். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட், நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. ட்ரெயில் பைக்குக்கு எல்லாம் உண்டு. ஆபீஸுக்கும் எடுத்துட்டுப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கும் எடுத்துட்டுப் போகலாம்.

இந்த வகைக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது 1968-ல் வந்த யமஹா டி.டி-1. 246 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு முன்பு அமெரிக்காவில் மண் பாதைக்குப் போக நினைத்தவர்கள், கனமான ரோடு பைக்கின் பாகங்களைக் கழற்றி எறிந்து, தாங்களே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். யமஹா அதையே லேசான, ஷோரூமில் வாங்கக்கூடிய வண்டியாகக் கொடுத்தது. சூப்பர் ஹிட். மற்ற ஜப்பான் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

இந்தியாவில் இந்த வகை வண்டி ரொம்ப காலம் பேருக்குக்கூட இல்லை. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தன. 2011 ஆகஸ்டில் லண்டனில் நடந்த விழாவில் 'ஹீரோ மோட்டோகார்ப்' என்ற புதுப் பெயரும் லோகோவும் வெளியானபோது, கூடவே மேடையேறிய வண்டிகளில் ஒன்று இம்பல்ஸ். பிரேசிலின் மண் ரோடுகளில் ஹோண்டா விற்றுவந்த 'என்.எக்ஸ்.ஆர். 150 ப்ரோஸ்' வண்டியின் நெருங்கிய சொந்தக்காரன் இது.

நல்ல வண்டின்னா ஏன் விற்கலை?

அப்போது டெல்லி ஷோரூம் விலை சுமார் 67 ஆயிரம் ரூபாய். 149 சி.சி. எஞ்சின், சுமார் 13 குதிரைத்திறன். அதே காசுக்கு ஹைவேயில் சீறும் 150 சி.சி. ஸ்போர்ட்டி பைக்குகள் கிடைத்தன. 'உயரமா இருக்கு, ஆனா ஸ்பீடு இல்லையே' என்று பலர் நகர்ந்துவிட்டார்கள். 2017 ஏப்ரலில் பி.எஸ்-4 புகை விதி வந்த நேரத்தில் இம்பல்ஸ் சந்தையை விட்டே போய்விட்டது. அதன் இடத்தை நிரப்ப எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-ல்.

அப்படியென்றால் இன்றைக்கு ஏன் இதைத் தேடுகிறார்கள்? பதில் ஒரே எண்ணில் இருக்கிறது: 134 கிலோ.

எக்ஸ்பல்ஸ் 200 இதைவிடச் சுமார் 20 கிலோ அதிகம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் எடை 196 கிலோ. ஹைவேயில் இந்த வித்தியாசம் தெரியாது. ஆளே இல்லாத வண்டிப்பாதையில், மணலில் வண்டி சாய்ந்து, தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் தெரியும். கூடவே 245 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், 19 இன்ச் முன் சக்கரம், வளைந்து கொடுக்கும் ஸ்போக் ரிம். ஹைவேக்குப் பத்தாத அந்த 13 குதிரைத்திறன், கல்லும் மண்ணுமான பாதையில் தாராளமாகப் போதும்.

15 வருஷம் ஆனா வண்டியை ஸ்கிராப் பண்ணணுமா?

இல்லை. நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு வந்த தடைச் செய்திகளையும், 15 வயதான அரசு வாகனங்களைக் கழிக்கும் விதியையும் கேட்டுவிட்டு, 'நம்ம வண்டியும் போச்சு' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் பைக்கின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு, வண்டி ஓடும் தகுதியில் இருந்தால், ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். இதற்குப் படிவம் 25. ஆர்.சி. முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக ஏறியது. தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். 20 வயதைத் தாண்டிய பைக்குக்கு 2025-ல் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது. இதோடு பசுமை வரியும் உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், கட்டும் முன்பு பரிவாகன் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார். பிரேக், லைட், இண்டிகேட்டர், ஹாரன், டயர் எல்லாம் சரியாக இருக்கணும். சேஸி நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தணும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருக்கணும்.

அதனால்தான் முதல் விதி: முதல்ல பேப்பர், அப்புறம்தான் ஸ்பேனர்.

வாங்கும் முன்பு என்ன பார்க்கணும்?

பேப்பர் பக்கம்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? ஃபைனான்ஸ் கட்டி முடித்து, அது ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா? ஆன்லைனில் அபராதம் ஏதாவது பாக்கி இருக்கிறதா? வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. வாங்கித் தருவாரா? உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகு வாங்குங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ்' என்று சொன்னால், வண்டி எவ்வளவு சீப்பாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

வண்டி பக்கம் ஐந்து சோதனைகள். பெரிய டூல்ஸ் எதுவும் தேவையில்லை.

புகை: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கு. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டர் வேலையோடு முடியலாம்.

ஸ்போக்: சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் இறுக்கமாக இருக்கிறது. மொக்கையாகச் சத்தம் வந்தால் லூஸ்.

ஹேண்டில்பார்: முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் தேய்ந்துபோச்சு.

பின் சக்கரம்: பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் இரண்டையும் பார்க்கணும்.

சேஸி: ஹேண்டில் சேரும் கழுத்துப் பகுதியிலும் சீட்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வெல்டிங் தழும்போ விரிசலோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். வளைந்த சேஸியை நம்பி காட்டுப் பாதைக்குப் போக முடியாது.

ஸ்பேர் கிடைக்குமா?

இதற்குப் பாதி நல்ல செய்தி, பாதி கெட்ட செய்தி.

நல்லது: இம்பல்ஸின் எஞ்சின் ஹங்க், சி.பி.இசட். எக்ஸ்ட்ரீம் வண்டிகளின் 149.2 சி.சி. எஞ்சின் குடும்பம். அந்த வண்டிகள் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. அதனால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் போன்ற உள் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுக்கே இந்த எஞ்சின் கை வந்த வேலைதான்.

கெட்டது: வண்டிக்கு முகம் கொடுக்கும் பாகங்கள் எல்லாம் இம்பல்ஸுக்கு மட்டுமே உரியவை. டேங்க், பக்கவாட்டு பிளாஸ்டிக், மட்கார்டு, ஹெட்லைட் மூடி போன்றவை புதுசாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் தேடிப் பார்க்கலாம். பழைய பாகம் வாங்கினால் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் வண்டியில் ஏறக் கூடாது.

இதிலிருந்து வாங்குவதற்கான கணக்கு ஒன்று கிடைக்கிறது. எஞ்சின் சுமாராக, ஆனால் பிளாஸ்டிக்கும் டேங்கும் முழுசாக இருக்கும் வண்டி, இதற்கு நேர்மாறான வண்டியைவிட நல்லது. வழக்கமாகப் பழைய வண்டி வாங்கும்போது நாம் போடும் கணக்கு இங்கே தலைகீழ்.

வேலையை எந்த வரிசையில் செய்யணும்?

பலரும் முதலில் செய்வது பெயின்ட். அது கடைசியில் வர வேண்டியது. ட்ரெயில் பைக் கீழே விழும். விழத்தான் செய்யும். ஷோ பீஸ் மாதிரி பளபளப்பாக்கிவிட்டால், முதல் கீறலுக்குப் பயந்தே மண் பாதைக்குள் இறங்க மாட்டீர்கள். வண்டி மறுபடியும் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கும். புதுசு மாதிரி தெரியும் வண்டியைவிட, நம்பி ஓட்டக்கூடிய வண்டிதான் நமக்கு வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்.

1. நிறுத்தும் சக்தி. பிரேக் ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அதை முழுசாக மாற்றணும். முன் டிஸ்க் கேலிப்பரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள். பின் டிரம்முக்குப் புது ஷூ போடுங்கள்.

2. டயர். பக்கவாட்டில் நாலு எண் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், ரப்பர் வெடித்திருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ட்யூபையும் சேர்த்து மாற்றுங்கள்.

3. பெட்ரோல் பாதை. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, பிறகு பெட்ரோல் ஊற்றுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். 2011-ல் செய்த ரப்பர் பாகங்கள் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டரில் உள்ள ஓ-ரிங், கேஸ்கெட்டுகளையும் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிடுங்கள்.

4. எஞ்சின். எடுத்ததும் பிரித்துப் போடாதீர்கள். ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ் எல்லாம் சரிசெய்து, கம்ப்ரஷன் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தேவை என்றால் மட்டும் லேத்துக்குப் போகலாம்.

5. சஸ்பென்ஷன். முன் ஃபோர்க்குக்குப் புது ஆயில், புது சீல். பின்னால் இருப்பது ஒற்றை மோனோஷாக். ஆயில் கசிகிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கணும். வண்டியின் குணமே மாறுவது இந்த வேலையில்தான்.

6. வயரிங். பாதிப் பிரச்னை எர்த் வயர் முனைகளில் படிந்த துருவில் இருக்கும். சுத்தம் பண்ணிவிட்டு அப்புறம் பேட்டரியைக் குறை சொல்லுங்கள்.

7. கடைசியாக பெயின்ட். சேஸிக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சேஸி நம்பர் பொறித்த இடத்தில் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். கோட்டிங் அந்த எண்ணை மூடிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியே உங்களுடையது என்று நிரூபிக்கப் போராடணும். கலரை மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் பதிவு பண்ணணும்.

'கரிஸ்மா எஞ்சின் வைக்கலாமா ப்ரோ?'

இம்பல்ஸ் ரசிகர்களிடையே ரொம்ப காலமாக ஓடும் கேள்வி. 223 சி.சி. கரிஸ்மா எஞ்சினை இதில் பொருத்தியவர்கள் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. எஞ்சின் மாற்றுவதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் 15 ஆண்டு புதுப்பிப்பில் மாட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டும். எடையும் கூடும். 134 கிலோவுக்காக வாங்கிய வண்டியின் அர்த்தமே அங்கே போய்விடுகிறது.

சரி, ஓட்டுவதில் என்ன சுகம்?

தார் ரோட்டில் த்ரில் வேண்டும் என்றால் 100-ஐத் தாண்டணும். மண் பாதையில் 30-லேயே அது கிடைக்கும். கண் பத்தடி முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்கும், கை மணலின் இழுப்பை உணரும், கால் தானாகவே கியரைத் தேடும். போனில் வந்த ஆபீஸ் மெயில் எதுவும் அந்த நேரத்தில் மண்டைக்குள் இருக்காது. வாரம் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விடுமுறை.

புதுசாகத் தொடங்குபவர்களுக்குச் சில அடிப்படைகள்:

மேடு பள்ளத்தில் உட்கார்ந்து ஓட்டாதீர்கள். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடித்து, டேங்கைத் தொடைகளால் அணைத்துக்கொள்ளுங்கள். குலுங்குவது வண்டியாக இருக்கட்டும், நீங்களாக இருக்க வேண்டாம்.

சரளைக்கல்லில் முன் பிரேக்கை ஒரே இறுக்காகப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும். ஒரு விரல், இரண்டு விரலில் மெதுவாகப் பிடித்து, பின் பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் முன் சக்கரம் புதையும். பார்வையைத் தூரத்தில் வைத்து, ஒரே சீராக இழுத்துக்கொண்டே போங்கள்.

மழை பெய்த மறுநாள் கரிசல் மண் பக்கம் போகாதீர்கள். மண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டு வரை நிரம்பி, சக்கரமே சுற்றாது. ட்ரெயில் பைக்குகளில் முன் மட்கார்டை உயரத்தில் வைப்பது ஸ்டைலுக்கு மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

புழுதியில் ஓட்டிவிட்டு வந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பழைய எஞ்சினுக்கு எமன் தூசிதான். ஒரு ட்யூப், டயர் லிவர், சின்னக் காற்றுப் பம்பு பையில் இருக்கட்டும். மண் பாதையில் பஞ்சர் கடை கிடையாது. ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். முதல் சில ரைடுகளுக்குத் தனியாகப் போகவே போகாதீர்கள்.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது?

ஊராட்சி மண் ரோடுகள், பொது வண்டிப்பாதைகள், உரிமையாளர் அனுமதித்த தரிசு நிலம் எல்லாம் சரி. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 'யாரும் பார்க்கலை' என்று யானை வழித்தடத்தில் நுழைந்தால், அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து எதிரில் நிற்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மணலில் சக்கரம் ஏறினால் கூடு நசுங்கும். விளைந்த வயலின் வரப்பும் ரைடிங் டிராக் கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டு வரும் அண்ணாச்சியைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நின்று வழிவிடுங்கள். அடுத்த வாரம் அதே பாதையில் உங்களை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவர்தான்.

கடைசிக் கேள்வி: இதெல்லாம் லாபமா?

பணக் கணக்கில் பார்த்தால் இல்லை. டயர், பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின் என்று எல்லாம் முடியும்போது, செலவு வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடலாம். அந்தக் காசு விற்கும்போது திரும்பி வராது. ஹைவே டூர்தான் உங்கள் ஆசை என்றால் இந்த வண்டி வேண்டாம். நல்ல நிலையில் உள்ள எக்ஸ்பல்ஸ் ஒன்றைப் பாருங்கள்.

ஆனால் ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டரில் ஒரு மண் பாதை இருந்து, ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும் என்பவருக்கு, இம்பல்ஸுக்குப் பதிலாக அதே எடையில் ஒரு புது வண்டியை ஷோரூமில் தேடுவது கஷ்டம். எடைக்குப் போகும் ஒவ்வொரு இம்பல்ஸோடும் ஒரு செட் பிளாஸ்டிக்கும் ஒரு டேங்கும் ஊரில் குறைகிறது. அதனால் வீட்டில் ஒன்று நின்றால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆர்.சி.யை எடுத்து, முடியும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, போன் காலண்டரில் குறித்துவையுங்கள். வண்டி ரெடியாக வேண்டிய தேதி அதுதான்.